ஜாம்பி நடுவுல காதல் காமெடி: ஒரு வாரம் உக்காந்து பாத்துட்டு எழுதுறேன்

எனக்கு ஜாம்பி படம், அதாவது செத்தவங்க எழுந்து வந்து மனுஷங்கள கடிக்கிற படம்னா உயிர், எங்க அக்காவுக்கு காதல் காமெடி படம்னா உயிர், அதனால ரெண்டு பேரும் சேந்து ஏதாச்சும் பாக்கலாம்னு உக்காந்தா ரிமோட்டுக்கு சண்ட போட்டே பாதி ராத்திரி போயிடும். போன மாசம் அவ ஒரு வாரம் லீவு போட்டு என்கூட வந்து இருந்தப்ப தான் தோணுச்சு, ஊரெல்லாம் ஜாம்பி பரவுற நேரத்துல நடக்குற காதல் காமெடின்னு ஒரு தனி வகையே இருக்கே, அத மட்டும் வரிசையா போட்டு பாத்தா என்னன்னு. "டேய், ரத்தம் ரொம்ப வருமாடா"ன்னு கேட்டா. வரும்னு உண்மையத்தான் சொன்னேன். சரி, முகத்த மூடிக்கிறேன் போடுன்னுட்டா.

கத எல்லாத்தையும் உடச்சு தான் எழுதப்போறேன், பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

வாரம் முடியுறப்ப எனக்கு ஒண்ணு தெளிவா புரிஞ்சுது. இந்த வகைல மனசுல நிக்கிற படம் எல்லாமே, சொல்லவேண்டிய ஒரு விஷயத்த சொல்லாமலே நாள ஓட்டுற ஆளோட கததான். சாதாரண காதல் படத்துலயும் அப்படி ஒருத்தன் இருப்பான், கடைசில ஏர்போர்ட்டுக்கு மூச்சு வாங்க ஓடிவந்து சொல்லிடுவான், நமக்கும் தெரியும் அவன் சொல்லிடுவான்னு. இங்க அந்த கியாரண்டி கிடையாது. நாளைக்கு சொல்லிக்கலாம்னு நெனச்சா நாளைக்கு அவன் இருக்க மாட்டான், இல்லன்னா கேக்கவேண்டியவங்க கேக்குற நெலமைல இருக்க மாட்டாங்க. அதனால சின்ன சின்ன பேச்சுக்கு கூட ஒரு கனம் வந்துடுது. இத எந்த படம் புரிஞ்சு வெச்சிருக்கோ அது நல்ல படம், புரியாதது வெறும் ரத்தமும் ஜோக்கும் தான்.

முதல்ல போட்டது ஷான் ஆஃப் தி டெட். 2004ல வந்த பிரிட்டிஷ் படம், எட்கர் ரைட் டைரக்ஷன், அவரும் ஹீரோ சைமன் பெக்கும் சேந்து எழுதுனது. போஸ்டர்லயே இது ஒரு ரொமான்டிக் காமெடி, கூட ஜாம்பியும் உண்டுங்குற மாதிரி தான் போட்டு விளம்பரம் பண்ணாங்க, அதுல பொய்யே இல்ல. ஷானுக்கு 29 வயசு, எலக்ட்ரானிக்ஸ் கடைல வேல, தெனமும் சாயங்காலம் வின்செஸ்டர்ங்குற அதே பப்பு, கூட எட்னு ஒரு ஃப்ரெண்டு, அவன் எந்நேரமும் சோஃபால உக்காந்து வீடியோ கேம் ஆடிட்டே இருப்பான். காதலி லிஸ் கேக்குறது ஒண்ணே ஒண்ணு தான், இந்த பப்ப விட்டா வேற எங்கயாச்சும் நம்ம ரெண்டு பேர் மட்டும் போலாமேன்னு. அவன் ரெஸ்டாரண்ட்ல டேபிள் புக் பண்ண மறந்துடுறான், சமாதானம் பண்ண பூ எடுத்துட்டு போறான், அந்த பூவுல அம்மாவுக்குன்னு எழுதுன அட்ட இருக்கு, அவ அத படிச்சுடுறா. அவ்ளோதான், முடிஞ்சுது. அக்கா அந்த இடத்துலயே லிஸ் பக்கம் போயிட்டா, இவன விட்டுட்டு போனது ரொம்ப சரின்னு சொல்லிட்டே இருந்தா.

இந்த படத்துல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா ஜாம்பி வர்றதுக்கு முன்னாடியே எல்லாரும் ஜாம்பி மாதிரி தான் இருக்காங்க, பஸ்சுல தல தொங்கிட்டு, கடைல கவுண்டர்ல வெறிச்சு பாத்துட்டு. ஷான் காலைல எழுந்து தூக்கக் கலக்கத்துல தெருமுனைக் கடைக்கு நடந்து போவான், கேமரா வெட்டாம அவன் பின்னாடியே போகும். அதே நட மறுநாளும் வரும், ஆனா இப்ப ஊரே செத்துப்போயிருக்கும், கடைல ஃப்ரிட்ஜ் கண்ணாடில ரத்தக் கை அச்சு இருக்கும், தரைல வழுக்கும், அவன் எதையும் கவனிக்காம வேண்டியத எடுத்துட்டு திரும்பி வந்துடுவான். இது சிரிப்பு மட்டும் இல்லங்க. காதலி விட்டுட்டு போற அளவுக்கு பக்கத்துல என்ன நடக்குதுன்னு பாக்காத ஆளு, ஊரே அழிஞ்சாலும் பாக்க மாட்டான்ல. ரெண்டு கதையும் அந்த ஒரு நடைலயே கோத்துட்டாங்க.

முந்தின நாள் ராத்திரி போதைல ஃப்ரிட்ஜ்ல மாட்டிருக்குற போர்டுல அவனே எழுதி வெச்சிருப்பான், அம்மாவ போய் பாக்கணும், லிஸ்ஸ திரும்ப கொண்டுவரணும், வாழ்க்கைய சரி பண்ணணும்னு. அதுக்கப்புறம் மீதி படம் முழுக்க அந்த போர்டுல இருக்குறத தான் அவன் செய்றான், கைல கிரிக்கெட் பேட்டோட. திரைக்கதை படிக்கிறவங்க யாராச்சும் இருந்தா இந்த ஒரு விஷயத்துக்காகவே ரெண்டு தடவ பாக்கலாம். பப்புல எட் ஷானுக்கு ஆறுதல் சொல்றப்ப நாளைக்கு எங்க எங்க போய் குடிக்கலாம்னு ஒரு ப்ளான் சொல்லுவான், படத்துல பின்னாடி நடக்கப்போறது மொத்தமும் அந்த வசனத்துலயே ஒளிஞ்சிருக்கும், ரெண்டாவது தடவ பாக்குறப்ப தான் அது காதுல விழும்.

இப்ப அந்த கார் சீன். இதுக்காகத்தான் இந்த ரிவ்யூவே எழுத உக்காந்தேன்.

ஷானுக்கு ஃபிலிப்னு ஒரு மாத்தாந்தகப்பன், பில் நைகி நடிச்சிருக்கார். அவர யாராச்சும் உன் அப்பான்னு சொன்னா போதும், ஷான் ஒவ்வொரு தடவையும் அவர் என் அப்பா இல்லன்னு திருத்துவான். ஃபிலிப்ப ஜாம்பி கடிச்சுடுது, காருக்குள்ள ஷான் பக்கத்துல உக்காந்திருக்கார், முகம் வெளுத்துட்டு வருது, அப்ப அவர் மெதுவா பேச ஆரம்பிக்கிறார், உன்ன பாத்தப்ப உனக்கு 12 வயசு, அப்பா இல்லாத பையன், நீ தைரியமா இருக்கணும்னு தான் கண்டிப்பா இருந்தேன், உன் மேல எப்பவும் பாசம் தான்ங்குற அர்த்தத்துல. 17 வருஷமா சொல்லாதது. சொல்லி முடிச்ச கொஞ்ச நேரத்துலயே போயிடுறார். போயிட்டு, ஜாம்பியா எழுந்துடுறார்.

சரியா அவர் வாயத் தொறந்து அந்த பேச்ச ஆரம்பிச்ச நிமிஷம் நாங்க பாத்துட்டிருந்த ஆப்ல விளம்பரம் வந்துடுச்சு. காசு கட்டித்தான் பாக்குறோம், அந்த கம்பெனி பேரு வேணாம், ஆனா ரெண்டு நிமிஷத்துக்கு மேல விளம்பரம் ஓடி திரும்ப வர்றப்ப ஃபிலிப் பேசி முடிக்கிற கட்டத்துக்கு வந்துட்டார், சவுண்டும் படமும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டல. ஒரு மனுஷன் சாகுற நேரத்துல மனசு விட்டு பேசுற எடத்துல விளம்பரத்த செருகுறவங்களுக்கு படம்னா என்னன்னே தெரியாது. எனக்கு நெஜமாவே கோவம் வந்துச்சு, அக்கா தான் விடுடா விடுடான்னு சமாதானப்படுத்துனா.

படம் முழுசா பாத்தா ஷானும் லிஸ்ஸும் சேர்றாங்க, அவங்க சேர்றது நம்புற மாதிரி இருக்கு, ஏன்னா அவ ஆசப்பட்ட பெரிய மாற்றம் எதுவும் அவனுக்கு வந்துடல, முடிவு எடுக்கவேண்டிய எடத்துல எடுக்க கத்துக்கிட்டான், அவ்ளோ தான். பெத்த அம்மாவையே சுடவேண்டிய கட்டம் வருது, அதுல காமெடி ஒரு துளி கூட கலக்காம எடுத்திருக்காங்க, அதுக்கு பெரிய தைரியம் வேணும். ஒரே ஒரு எச்சரிக்க, பப்புக்குள்ள லிஸ்ஸோட ஃப்ரெண்டு டேவிட்ட ஜாம்பிங்க பிச்சு எடுக்குற சீன் ரொம்ப கோரம், அக்கா குஷனுக்குள்ள முகத்த புதைச்சவ அது முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சு தான் வெளிய வந்தா. ஜாம்பி படத்துக்கே இன்னிக்கு இருக்குற உருவத்த 1968ல குடுத்த ஜார்ஜ் ரொமேரோவுக்கு இந்த படம் ரொம்ப பிடிச்சுப்போய், 2005ல அவர் எடுத்த லேண்ட் ஆஃப் தி டெட்ல ரைட்டையும் பெக்கையும் ஜாம்பியாவே நடிக்க வெச்சார். இத விட பெரிய சர்டிஃபிகேட் இந்த படத்துக்கு வேணாம்.

ரெண்டாவது நாள் வார்ம் பாடீஸ், 2013, ஜானதன் லெவின் டைரக்ஷன், ஐசக் மாரியன் எழுதுன நாவல்ல இருந்து எடுத்தது. இதுல ஹீரோவே ஜாம்பி. பேரு மறந்துபோச்சு, ஆர்ங்குற முதல் எழுத்து மட்டும் ஞாபகம் இருக்கு. நான் மேல ஏர்போர்ட்டுக்கு ஓடி வர்றத பத்தி சொன்னேன்ல, இவன் குடியிருக்குறதே ஏர்போர்ட்ல தான், நின்னுபோன ஒரு விமானத்துக்குள்ள பழைய ரெக்கார்டெல்லாம் சேத்து வெச்சுக்கிட்டு. மனசுக்குள்ள சரளமா பேசுவான், நமக்கு அந்த குரல் கேட்டுட்டே இருக்கும், ஆனா வாயத் தொறந்தா உறுமல் மட்டும் தான் வரும். சொல்ல நெனக்கிறதுக்கும் சொல்ல முடியுறதுக்கும் நடுவுல இருக்குற தூரத்த இதவிட நேரடியா காட்ட முடியாது, பிடிச்ச பொண்ணு முன்னாடி நின்ன எல்லாருக்கும் இது தெரியும். நிக்கலஸ் ஹோல்ட் கண்ணையும் தோளையும் மட்டும் வெச்சு நடிச்சிருக்கான். ஜூலிங்குற மனுஷப் பொண்ண காப்பாத்தி தன் விமானத்துக்குள்ள கூட்டிட்டு வந்துட்டு, பயமுறுத்துற மாதிரி முறச்சு பாக்கக்கூடாது பாக்கக்கூடாதுன்னு மனசுக்குள்ள தனக்கே சொல்லிக்கிட்டு அப்படியே முறச்சு பாத்துட்டு நிப்பான் பாருங்க, அக்கா அந்த எடத்துல கைதட்டி சிரிச்சா.

ஆர், ஜூலி, அவன் ஃப்ரெண்டு எம், ஜூலியோட பழைய காதலன் பெர்ரி, ஒரு பால்கனி, ரெண்டு பக்கமும் ஆகாத கூட்டம். ரோமியோ ஜூலியட் தான், மறைக்கவே இல்ல. இதுல எனக்கு ஒரு பெரிய நெருடல் இருக்கு. பெர்ரிய கொன்னதே ஆர் தான், கொன்னு மூளைய தின்னதால அவன் ஞாபகமெல்லாம் இவனுக்குள்ள வந்துடுது, அந்த ஞாபகத்துல இருக்குற ஜூலி மேல தான் இவனுக்கு காதல் முத்துது. செத்தவனோட காதல திருடி காதலிக்கிறான்ங்குறது எவ்ளோ கனமான விஷயம்? நடுவுல ஒரு வீட்ல தங்குறப்ப ஒருவழியா வாயத் தொறந்து சொல்லிடுறான், படத்துலயே நல்ல சீன் அதுதான், அவ கத்தல, அழல, காலைல அவன் தூங்கிட்டிருக்கப்பவே கெளம்பி போயிடுறா. ஆனா அதுக்கப்புறம் படம் அத பத்தி பேசவே இல்ல, கொஞ்ச நேரத்துல எல்லாம் மன்னிச்ச மாதிரி ஆயிடுது. நான் இத சொன்னதும் அக்கா ஒத்துக்கல, அவன் ஜாம்பியா இருந்தப்ப பண்ணதுக்கு மனுஷனா ஆனப்புறம் என்னடா தண்டன குடுக்க முடியும்னா. அர மணி நேரம் இதையே பேசிட்டிருந்தோம், இன்னும் எனக்கு மனசு ஒப்பல. ஒரு படம் இவ்ளோ பேச வெக்கிதுன்னா அது நல்லதுக்கு தான்.

போனீஸ்னு முழுசா எலும்பாயிட்ட ஜாம்பிங்க வரும், அந்த கிராஃபிக்ஸ் சுமார் தான். ஆனா ஆரும் ஜூலியும் கை கோத்துட்டு போறத பாத்து மத்த ஜாம்பிங்களுக்கு நெஞ்சு துடிக்க ஆரம்பிக்கிற எடம் இருக்கு பாருங்க, கேக்க அபத்தமா இருக்கும், பாக்குறப்ப தொண்ட அடைக்கும். ரத்தமும் மத்த படங்கள விட கம்மி, அமெரிக்காவுல இதுக்கு 13 வயசுக்கு மேல பாக்கலாம்ங்குற மாதிரி தான் சர்டிஃபிகேட் குடுத்தாங்க. ஜாம்பின்னாலே ஓடுற ஆளுங்கள உக்கார வெக்கணும்னா இதுல இருந்து ஆரம்பிங்க, நான் தான் தப்பா ஷான்ல ஆரம்பிச்சுட்டேன்.

ஜாம்பிலேண்ட், 2009, ரூபன் ஃப்ளைஷர் எடுத்தது. இத காதல் படம்னு சொன்னா சில பேர் சண்டைக்கு வருவாங்க. நான் சொல்லுவேன். உலகம் முடிஞ்சப்புறம் யாரும் யார்கிட்டயும் ஒட்டிக்கக்கூடாதுன்னு எல்லாரும் பேருக்கு பதிலா ஊர் பேர வெச்சு கூப்ட்டுக்கிறாங்க. கொலம்பஸ், டல்லஹாசி, விச்சிட்டா, லிட்டில் ராக். கொலம்பஸ் ஒரு பயந்தாங்கொள்ளி, உயிரோட இருக்க ரூல்ஸ் எழுதி வெச்சிருக்கான், நல்லா ஓட உடம்புல தெம்பு வேணும், ஜாம்பிய ஒரு தடவ சுட்டா போதாது ரெண்டாவது தடவையும் சுடணும், பாத்ரூம்ல ஜாக்கிரத, சீட் பெல்ட் போடணும்னு. அந்த எழுத்தெல்லாம் ஸ்க்ரீன்லயே வந்து விழும், ஒடையும், அந்த ஸ்டைல் இன்னிக்கும் ஃப்ரெஷ்ஷா இருக்கு. விச்சிட்டாவும் அவ தங்கச்சியும் இவங்கள ஏமாத்தி காரையும் துப்பாக்கியையும் ஒரு தடவ இல்ல ரெண்டு தடவ பிடுங்கிட்டு போறாங்க. எம்மா ஸ்டோன் விச்சிட்டாவா வர்றாங்க, யாரையும் நம்பாத பொண்ணு கொஞ்சம் கொஞ்சமா நம்ப ஆரம்பிக்கிறத அவ்ளோ இயல்பா காட்டிருக்காங்க.

கொலம்பஸுக்கு ரொம்ப நாளா ஒரு சின்ன ஆச, ஒரு பொண்ணோட முடிய காதுக்கு பின்னாடி ஒதுக்கி விடணும். அவ்ளோ தான் ஆச. ஹீரோவா இருக்காதேன்னு ரூல் போட்டு வெச்சிருந்தவன், உலகத்துலயே அதிகமா பயப்படுறது கோமாளிக்கு, கடைசில விச்சிட்டாவுக்காக கோமாளி ஜாம்பிக்கு எதிர்ல போய் நின்னு அந்த ரூலையே மாத்துறான். அதுக்கப்புறம் அவ அவன்கிட்ட வந்து தன் நெஜப் பேர சொல்றா. வெறும் பேரு. எத்தனையோ படத்துல ஐ லவ் யூ கேட்டிருக்கோம், அந்த பேருக்கு இருந்த அழுத்தம் அதுல எதுலயும் இல்ல. கூடவே டல்லஹாசி, முரட்டு ஆளு, செத்துப்போன தன் நாய்க்குட்டிய பத்தி அப்பப்ப சொல்லிட்டே இருப்பாரு, பாதிக்கு மேல தான் நமக்கு தெரியும் அது நாய்க்குட்டி இல்ல, அவரோட சின்ன பையன்னு. வுடி ஹாரல்சன் அந்த எடத்துல சத்தமே இல்லாம ஒடஞ்சு போறார். அக்கா அழுதுட்டா, எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. 2019ல ரெண்டாவது பாகம் வந்துச்சு, கொலம்பஸ் கல்யாணத்துக்கு கேக்க விச்சிட்டா பயந்து கெளம்பி போறதுல ஆரம்பிக்கும், ஜோக்கெல்லாம் இருக்கு, மனசுல ஒட்டல.

லைஃப் ஆஃப்டர் பெத், 2014, ஜெஃப் பேனா எழுதி எடுத்தது. இத யாரும் அதிகமா பேசுறதில்ல, எனக்கு ரொம்ப நெருக்கமான படம். பெத்துங்குற பொண்ணு பாம்பு கடிச்சு செத்துடுறா, ஸாக்னு அவ காதலன் ஒடஞ்சு போயிடுறான், அப்புறம் பாத்தா அவ திரும்பி வந்து அப்பா அம்மா வீட்ல ஒளிஞ்சிருக்கா, தான் செத்ததே அவளுக்கு தெரியாது. முக்கியமான விஷயம் என்னன்னா சாகுறதுக்கு முன்னாடி அவங்க ரெண்டு பேருக்கும் பிரியுற பேச்சு நடந்திருக்கு. அதுவும் அவளுக்கு ஞாபகம் இல்ல, இவனுக்கு மட்டும் இருக்கு. சொல்லாம விட்டதெல்லாம் சொல்ல ரெண்டாவது சான்ஸ் கெடச்சா எப்படி இருக்கும்னு ஏங்காதவங்க யாரு, அந்த சான்ஸ் நெஜமாவே கெடச்சு, அவ நாளுக்கு நாள் அழுகிட்டே வந்தா? பெத்தா நடிச்ச ஆப்ரி ப்ளாசா கொஞ்சுறதுல இருந்து கடிக்க வர்றதுக்கு ஒரே மூச்சுல மாறுறாங்க. இதுல ஜாம்பிங்கள அமைதிப்படுத்துறது மென்மையான ஜாஸ் மியூசிக், அது ஏன்னு படம் காரணமே சொல்லாது, சொல்லாததும் நல்லது தான். கடைசில பெரிய அடுப்பு ஒண்ண முதுகுல கட்டி சுமந்துக்கிட்டு பெத் அவன்கூட மலைப்பாதைல நடக்குறா, அவ ஆசப்பட்ட நட அது, உயிரோட இருந்தப்ப அவன் கூட வரல. அந்த அடுப்ப பாத்து சிரிக்க ஆரம்பிச்சு அப்படியே பாதில சிரிப்பு நின்னுடும். நடுவுல கொஞ்சம் கத்தல் ஜாஸ்தி, கதையும் பத்து நிமிஷம் ஒரே எடத்துல சுத்துது, அத பொறுத்துக்கிட்டீங்கன்னா கடைசி அர மணி நேரம் அள்ளிட்டு போகும்.

மீதி ரெண்டு நாள்ல பாத்தது வேகமா. அன்னா அண்ட் தி அபோகலிப்ஸ், 2017, ஸ்காட்லாந்து படம், கிறிஸ்துமஸ், ஸ்கூல், ஜாம்பி, நடுநடுவுல பாட்டு. அன்னா ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு பாடி ஆடிட்டே ஸ்கூலுக்கு போவா, பின்னாடி தெரு முழுக்க ஜனங்கள கடிச்சுட்டிருப்பாங்க, அந்த பாட்டு ஒண்ணுக்காகவே பாக்கலாம். ஃப்ரெண்டு ஜான் அவள காதலிக்கிறான், சொல்றான்னும் இல்ல சொல்லலன்னும் இல்லாம படம் முழுக்க தவிக்கிறான், அவனுக்கு படம் ஒரு வழியும் விடல. ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தோம். கொரியன் படம் தி ஆட் ஃபேமிலி 2019ல வந்தது, இது நேர் எதிர், முட்டக்கோஸ் தின்னுற ஒரு இளவட்ட ஜாம்பி, அவன ஒளிச்சு வெக்கிற குடும்பம், கடிபட்ட கெழவருக்கு வயசு கொறஞ்ச மாதிரி தெம்பு வர்றத பாத்துட்டு ஊரு பெருசுங்கெல்லாம் காசு குடுத்து கடிக்க சொல்லி வரிசைல நிப்பாங்க. அந்த வீட்டு பொண்ணுக்கும் ஜாம்பிக்கும் வர்ற பாசம் பேச்சே இல்லாம நடக்குது, காதல் பகுதி கம்மின்னாலும் இதமா இருக்கு. தமிழ்ல 2016 மிருதன் இருக்கேன்னு கேப்பீங்க, அதுலயும் சொல்லாத காதல் உண்டு, ஆனா அது ஆக்‌ஷனும் சென்டிமென்ட்டும் தான், காமெடி வகைல சேராது, அதனால இந்த வாரம் எடுக்கல.

மார்க்கு போடணும்னா ஷான் அஞ்சுக்கு அஞ்சு, ஜாம்பிலேண்ட் நாலரை, வார்ம் பாடீஸும் பெத்தும் நாலு, அன்னா மூன்றரை, ஆட் ஃபேமிலி மூணு. அக்கா மார்க்குல வார்ம் பாடீஸ் தான் முதல், அதுல எனக்கு வருத்தம் இல்ல.

அவ கெளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி நண்பன்கிட்ட இருந்து ஷான் டிஸ்க்க வாங்கிட்டு வந்து அந்த கார் சீன மட்டும் விளம்பரம் இல்லாம முழுசா போட்டோம். ஃபிலிப் பேசுறார், போறார், எல்லாரும் கார விட்டு எறங்கி ஓடுறாங்க, ஷான் அம்மாகிட்ட சொல்றான், நீ நேசிச்ச மனுஷன் அந்த காருக்குள்ள ஒரு துளி கூட இல்லம்மான்னு. உள்ள ஜாம்பி ஃபிலிப் தட்டுத்தடுமாறி கைய நீட்டி, கார்ல ஓடிட்டிருந்த, உயிரோட இருந்தப்ப அவருக்கு தாங்க முடியாம இருந்த சத்தமான பாட்ட அணைக்கிறார். அணைச்சுட்டு நிம்மதியா சாஞ்சுக்கிறார். முதல் தடவ கோவத்துல எனக்கு இது கண்ணுலயே படல. அக்கா ஒரு நிமிஷம் சிரிச்சா, அப்புறம் "டேய், அவர் இன்னும் உள்ள தாண்டா இருக்கார்"னா.